மீன் தொட்டியில் உள்நாட்டு மீன்கள்

மீன் தொட்டி என்றதும் பலரின் நினைவுக்கு வருபவை தங்கமீனும் கப்பியும்தான். இரண்டும் அயல்நாட்டு மீன்கள். பத்து பாகாட் மாவட்டத்திலுள்ள ஆயர் ஈத்தாம் வட்டாரத்திற்கே உரிய மீன் ஒன்று உண்டு. 1986-இல் 'பெட்டா பெர்செபோனே' என்று பெயரிடப்பட்ட அக்கருநிறச் சண்டைமீன் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே வளரும். ஆயர் ஈத்தாம் என்பதன் பொருள் 'கரிய நீர்'. மட்கிய இலைகளால் தேநீர் நிறம் பெற்ற சதுப்புநில நீரில்தான் இம்மீன் வாழ்கிறது. சதுப்புநிலக் காடுகள் செம்பனைத் தோட்டங்களாக மாறியதால், இன்று அது அழியும் நிலையில் உள்ளது.

உள்நாட்டு மீன்களை வீட்டில் வளர்ப்பது பாராட்டத்தக்கது. எனினும், எஞ்சியுள்ள அரிய மீன்களை வலைவீசிப் பிடித்துத் தொட்டியில் அடைப்பது முறையன்று. தீபகற்ப மலேசிய ஓடைகளில் வாழும் ஹார்லிகுவின் ரஸ்போரா பண்ணைகளிலும் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. தொடக்கத்தில் அதுவே ஏற்றது. கூட்டமாக வாழும் இயல்புடையதால், எட்டு மீன்களையாவது சேர்த்து வளர்க்க வேண்டும். குளோரின் நீக்கிய நீர், வடிகட்டி, நீர்ச்செடிகள், உலர்ந்த கெத்தாப்பாங் இலைகள் ஆகியவை தேவை. வடிகட்டியில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

வளர்க்க இயலாத மீன்களை ஆற்றில் விடுவது இரக்கச் செயல் அன்று. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்த 'ஈக்கான் பண்டாராயா' இன்று நம் ஆறுகளில் பெருகி, உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. வேண்டாத மீன்களைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கலாம்.

தொட்டி மீனுக்குத் தூய நீர் வேண்டும் என்று அறிந்த மாணவர், ஓடை மீனுக்கும் அது வேண்டும் என்பதை உணர்வார். அவ்வுணர்வே இப்பொழுதுபோக்கின் உண்மைப் பயன்.