பாட்டு கேட்குது... வசனம் கேட்கலையா?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிற்பங்கள் பலவற்றில் கண் எது, மூக்கு எது என்று தெரியாத அளவுக்கு முகம் மழுங்கிக் கிடக்கும். எல்லாம் உப்புக் காற்றின் வேலை. அதைத் தடுக்க, சுற்றிலும் சவுக்கு மரங்களை வளர்த்திருக்கிறார்கள். கடலோரம் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கல்லுக்குள் இறங்கிய உப்பை எடுக்க, காகிதக் கூழை அப்பி வைத்து உறிஞ்சவும் செய்கிறது தொல்லியல் துறை. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடக்கும் நூல் போன்ற செம்புக் கம்பி எம்மாத்திரம்?

கோவளத்தில் இருந்து கல்பாக்கம் வரை கடலோர வீடுகளில் ஹோம் தியேட்டர் திடீரென ஊமையாவதற்கு இந்த உப்பு ஒரு முக்கியக் காரணம். வார இறுதிக்கு மட்டும் திறக்கப்படும் ஈ.சி.ஆர். வீடுகளில் இன்னும் மோசம். மாதக்கணக்கில் பூட்டிய அறை, உள்ளே ஈரக்காற்று, ஓடாத கருவி... உப்புக்கு வேறென்ன வேண்டும்? தினமும் ஓடுகிற கருவி தன் சூட்டிலேயே கொஞ்சம் ஈரத்தை விரட்டிக்கொள்ளும். பூட்டிக் கிடப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

‘போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்று யாராவது சொல்லும் முன், வீட்டிலேயே ஒரு அரைமணி நேரம் செலவிடலாம். முதலில் போனை புளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். எல்லா ஸ்பீக்கரும் ஊமையாக இருந்த சிஸ்டத்தில் அந்தப் பாட்டு கேட்டால், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நலம், கோளாறு டி.வி.யில் இருந்து வரும் வழியில் என்று அர்த்தம். அந்த வழி பெரும்பாலும் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள்தான். டி.வி.க்குப் பின்னால் மூன்று, நான்கு ஓட்டைகள் இருந்தாலும் ‘ஏ.ஆர்.சி.’ அல்லது ‘இ-ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய ஓட்டையில் செருகினால்தான் டி.வி.யின் சத்தம் வெளியே வரும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கழற்றி, பக்கத்து ஓட்டையில் மாட்டிவிடுவது சகஜம். டி.வி. செட்டிங்ஸில் சி.இ.சி. வசதியும் ஆனில் இருக்க வேண்டும். இதற்கு சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர். அடிக்கடி கரன்ட் போய் வரும் இடங்களில் டி.வி.யும் சிஸ்டமும் ஒன்றையொன்று அடையாளம் மறந்துவிடுவதும் உண்டு. ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டையும் சுவர் பிளக்கில் இருந்தே பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லையா? சிஸ்டத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிப் பாருங்கள். நுனி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அதுதான் கடல் வந்துபோன தடம். ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சீவி, முறுக்கி மாட்டினால் போதும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறினாலும் சத்தம் வரும். ஆனால் பாஸ் செத்துப்போய், ஒல்லியாகக் கேட்கும். பிளக் முனைகளைத் துடைக்க எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், தூசியும் எறும்பும்தான் சேரும்.

அப்படியும் பேசவில்லை என்றால், அதை நன்றாகப் பேசும் ஸ்பீக்கரின் இடத்தில் மாற்றி மாட்டுங்கள். அங்கே பேசினால் ஸ்பீக்கர் நலம். கோளாறு வயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ. அங்கேயும் ஊமை என்றால் ஸ்பீக்கர்தான். பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வித்தை ஒன்றும் உண்டு. வயரைச் சிஸ்டத்தில் இருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, ரிமோட்டில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தால், உயிருள்ள ஸ்பீக்கர் ‘டப்’ என்று சொல்லும்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. பாட்டும் சண்டையும் வீடு அதிரக் கேட்கின்றன, பேச்சு மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. இதில் முதலில் அடிபடுவது வீட்டுப் பெரியவர்கள். ‘எனக்குக் காது போச்சு’ என்று பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். காது போயிருக்கலாம்; போகாமலும் இருக்கலாம். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில் இருந்துதான் வரும். அது ஷோகேஸின் உள்பக்கத்தில், பொம்மைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலமாரியின் விளிம்புக்கு இழுத்து, உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வையுங்கள். செட்டிங்ஸில் சென்டரின் அளவை மட்டும் மூன்று, நான்கு படி ஏற்றலாம். ‘நைட் மோடு’ இருந்தால் அதைப் போட்டால், வெடிச்சத்தம் அடங்கிப் பேச்சு மேலே வரும். உங்களிடம் இருப்பது இரண்டே ஸ்பீக்கர் என்றால், டி.வி.யிலும் செட்-டாப் பாக்ஸிலும் ஒலி வெளியீட்டை ‘பி.சி.எம்.’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்று மாற்றிப் பாருங்கள். இவ்வளவும் செய்து பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகும் கேட்கவில்லை என்றால் காது டாக்டரிடம் போகலாம்.

உதடு ஒன்று சொல்ல, சத்தம் வேறு நேரத்தில் வந்தால், செட்டிங்ஸில் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்று இருக்கும். அதைக் கூட்டிக் குறைத்தால் தீரும்.

‘ம்ம்ம்’ என்று ஓயாத ரீங்காரம் வேறு கதை. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அது நிற்காது. டி.வி.க்கு ஒரு எர்த், கேபிள் ஒயர் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு பாதை அமைந்துவிட்டால், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஸ்பீக்கரில் புகுந்துவிடும். செட்-டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிளைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால், காரணம் அதுதான். டி.வி., பாக்ஸ், சிஸ்டம் மூன்றையும் ஒரே ஸ்பைக் கார்டில் மாட்டுங்கள். அதிலும் நிற்காவிட்டால் கேபிள்காரரிடம் ‘ஐசோலேட்டர்’ கேளுங்கள்.

ஆனால், சிலர் செய்யும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுவது, அல்லது எர்த் இல்லாத இரண்டு பின் சாக்கெட்டில் திணிப்பது. ரீங்காரம் நின்றுவிடும். அதோடு, உள்ளே ஒரு வயர் கசிந்தால் உலோக உடலில் ஏறும் மின்சாரம் போவதற்கு வழியும் இல்லாமல் போகும். குழந்தை தொட்டால் அதன் உடம்புதான் வழி. கம்பெனியே இரண்டு பின்னோடு தந்த கருவி இரட்டைக் காப்பு கொண்டது, அது வேறு. கடலோர மணல் ஈரத்தைப் பிடித்து வைக்காது; கோடையில் எர்த் குழி காய்ந்து எர்த்தே வேலை செய்யாமல் போகும். தண்ணீர் ஊற்றுவதோடு, எலெக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை எர்த்தை அளந்து பார்ப்பதும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டுவதும் ஹோம் தியேட்டருக்காக மட்டும் செய்ய வேண்டியவை அல்ல.

2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். இதுபோன்ற இரவுகளில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போவதில் பயன் குறைவு. பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேபிள் அல்லது டிஷ் ஒயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும், நேரடி இடியை ஸ்பைக் கார்டு தாங்காது. தண்ணீர் புகுந்த ஊஃபரை ‘காய்ந்துவிட்டதா பார்க்கலாம்’ என்று மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள். மூடியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. அவரிடம் கொடுக்கும்போது, எதை எதை மாற்றி மாட்டிப் பார்த்தீர்கள், எங்கே பேசியது, எங்கே பேசவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ‘போர்டு போயிடுச்சு’ என்ற வாக்கியம் கொஞ்சம் தயங்கித்தான் வரும்.