கொதிப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை

இரத்தக் கொதிப்பு என்ற பெயரே நம் மக்களை ஏமாற்றிவிட்டது. கொதிப்பென்றால் கோபம் என்று எண்ணிக்கொண்டு, 'நான் சாந்தமானவன், எனக்கேது டாரா திங்கி?' என்று கேட்பவர்கள் தோட்டத்து லயங்களிலும் இருக்கிறார்கள். தோட்டங்கள் கைமாறிய பின் செந்தூலுக்குக் குடிவந்த குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பிடரி வலித்தால்தான் கொதிப்பு, மூக்கில் இரத்தம் வந்தால்தான் கொதிப்பு என்பதும் இதே வகை எண்ணந்தான்.

இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை என்பதே உண்மை. தலைவலியும் கிறுகிறுப்பும் பசியாலும் வரும், தூக்கமின்மையாலும் வரும், வெயிலாலும் வரும். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குக் கொதிப்பு இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது!

செந்தூல் ரயில்வே பட்டறையில் நீராவி எஞ்சின்களோடு உழைத்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொதிகலனின் சத்தத்தைக் கேட்டு எவரும் அழுத்தத்தை அளக்கவில்லை. முள் காட்டும் கருவியைப் பார்த்தார்கள். மனிதனுக்கும் அப்படியே. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் அளக்க வேண்டும். வேறு வேறு நாள்களிலும் மேல் எண் 140ஐயோ, கீழ் எண் 90ஐயோ எட்டினால் அது கொதிப்பு.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் பின்தலையில் கடும் வலி என்றார். சில மணி நேரத்தில் மூளையில் இரத்தக் கசிவால் மாண்டார். அவருக்குக் கொடுக்க அன்று நல்ல மாத்திரை இல்லை. இன்று அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டில் மருந்து கிடைக்கிறது. அதையும் 'இப்போது சுகந்தானே' என்று பாதியில் நிறுத்துவோர் எத்தனை பேர்!

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ சோர்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல், நெஞ்சடைப்பு ஆகியவை கொதிப்பு ஏற்கெனவே கேடு செய்துவிட்டதைக் காட்டக்கூடியவை. அப்போது கோடாலித் தைலத்தைத் தேடாமல் 999ஐ அழைக்க வேண்டும்.

கருவாடு, ஊறுகாய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். சம்சுவைப் பற்றி எழுதி எழுதி நமக்குக் கை சலித்துவிட்டது.

ஆனால் பழி முழுவதையும் தொழிலாளியின் தட்டிலேயே போடுவது நியாயமாகாது. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவன் கிளினிக்குக்கு எப்போது போவான்? போனால் அன்றைய சம்பளம் என்னாவது? ஆகவே பெரட்டுக் களத்துக்கே கருவி வர வேண்டும் என்று நிர்வாகங்களைக் கேட்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆண், பெண், வெளிநாட்டுத் தொழிலாளர் என்ற பேதமின்றி அளக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. எண்ணை அவரவர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி எவரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. கிளைச் செயலாளர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதற்பொருளாக வைக்குமாறு வேண்டுகிறோம்.