செயின் தேய்ந்தால் காரைத் தள்ளிவிட வேண்டுமா?

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். இரண்டு மூன்று நொடிதான், பிறகு அடங்கிவிடும். கோவையிலும் பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு பக்கத்திலும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "டேப்பெட் அடிக்குதுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." "கெட்டி ஆயிலா ஊத்தீருங்க, நின்னுரும்." "எஞ்சின் போச்சுங்க, வந்த விலைக்குத் தள்ளிவிட்ருங்க." மூன்றுமே எதையும் கழற்றிப் பார்க்காமல் சொல்லப்படுபவை என்பதுதான் வருத்தம்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் பல நேரங்களில் டைமிங் செயின். கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைத் தவறாமல் காப்பாற்றுவது செயினின் வேலை. அது தளராமல் அழுத்திப் பிடித்திருப்பது டென்ஷனர். பெரும்பாலான வண்டிகளில் டென்ஷனர் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தையும் நம்பி இயங்குகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் வடிந்திருக்கும். அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் கவரில் அடிக்கிறது. அதுதான் அந்த இரண்டு மூன்று நொடி.

செயின் 'நீண்டுவிட்டது' என்று சொல்வார்கள். உண்மையில் இரும்பு ரப்பர் போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள பின்னும் அதைச் சுற்றியுள்ள குழலும் தேய்கின்றன. 100 மூட்டுள்ள செயினில் மூட்டுக்கு 0.02 மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் 2 மி.மீ. ஆகிவிடும். அந்த அளவுக்குக் கேம் தண்டு பின்தங்கும், வால்வு தாமதமாகத் திறக்கும். வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. இதற்கெல்லாம் கார்புரேட்டரையும் பிளக்கையும் மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் ஏராளம்!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அம்பாசிடரை எடுத்துக்கொள்ளலாம். 1950களின் இறுதியில் வந்து, 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதில் பல்லாண்டுகள் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் செயினில் ஓடுவது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். உள்ளே ரோட்டரும் சேர்ந்து திரும்பும். பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். புல்லி நகர்ந்தும் ரோட்டர் அசையாமல் இருக்கும் தூரம்தான் தளர்ச்சி. அதில் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பல்சக்கரத்தின் தளர்ச்சியும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆனாலும் ரோட்டர் வெகுநேரம் சும்மா நின்றால், கவரைக் கழற்ற வேறு சாட்சி வேண்டாம். பத்து நிமிட வேலை. காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்கிறவர் இதைச் செய்ய ஏன் சலித்துக்கொள்கிறார் என்பதுதான் புரியவில்லை.

மாற்றும் வேலையிலும் ஒரு சிக்கனம் உண்டு, தவறான சிக்கனம். செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பல்சக்கரங்களையும் டென்ஷனரையும் அப்படியே விட்டுவிடுவது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது, சீக்கிரமே அதுவும் தேயும். டென்ஷனரின் ரப்பர் முகத்தில் பழைய செயின் பள்ளம் பறித்திருக்கும். ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், புல்லி, கவர் என்று அவ்வளவையும் கழற்றிய பிறகு இவற்றையும் ஆயில் சீலையும் மாற்றாமல் மூடுவது, கிணறு வெட்டிவிட்டுக் கயிறு வாங்க யோசிப்பது போல. இரு பல்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். ஆயில் தெறிப்புத் தகட்டில் 'எஃப்' எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டுப் பிறகு ஆயில் ஒழுகுகிறது என்று புலம்புவது வழக்கம். எல்லாம் பூட்டிய பின் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் தட்டாமல் சுற்றினால் சரி.

அம்பாசிடர் இன்று பெரும்பாலும் ஆசைக்காக வைத்திருப்பது. வயிற்றுப்பாடு வேறு வண்டியில் இருக்கிறது. ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினும் செயினில் ஓடுவதுதான். 2007-ல் ஸ்விஃப்டில் வந்து, 2020-ல் மாருதி டீசலையே கைவிடும்வரை விற்றது. பழையதாக வாங்கிய அந்த வண்டிகளை டாக்ஸியாக ஓட்டிப் பிழைப்பவர்கள் காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை இருக்கிறார்கள். ஊட்டி, வால்பாறை என்று மலையேற்றம் வேறு. வால்பாறைப் பாதையில் மட்டும் 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த எஞ்சினில் செயின் ஒரு பல் தாவினாலே ஆபத்து. அதிகம் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அத்துடன் செயின் செலவு எஞ்சின் செலவாக மாறிவிடும், வாரக்கணக்கில் வருமானமும் நின்றுவிடும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

கெட்டி ஆயில் யோசனை இங்கேதான் கொடுமையாகிறது. கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயில், குளிர்ந்த எஞ்சினில் டென்ஷனரைச் சென்றடையத் தாமதமாகும். ஓடிச் சூடேறிய வண்டியில் சத்தம் அமுங்கியது போலத் தோன்றும். தேய்மானம் அப்படியே இருக்கும். பழைய வண்டியை விற்கும் சிலருக்கு அந்தத் தோற்றமே போதும். வாங்குபவருக்குத்தான் போதாது. அதனால் வாங்குபவர் எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போய், தன் எதிரிலேயே முதல் ஸ்டார்ட் போடச் சொல்ல வேண்டும். "இப்பத்தானுங்க ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன்" என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

இத்தனைக்கும் செயினுக்குப் பெயர்போன ஊர் இது. 1937-ல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் பின்னாளில் 'ரோலான்' செயினை நாடெங்கும் கொண்டுசென்றது இங்கிருந்துதான். அப்படிப்பட்ட ஊரில் பெயரில்லாத பெட்டியில் வரும் மலிவுச் செயினை, விலையை மட்டும் கேட்டு வாங்கிப் பூட்டுவதை என்னவென்று சொல்வது?

பட்டறைக்காரர் மாற்றிய பழைய செயினைக் கேட்டு வாங்கிப் பார்க்க வண்டிக்காரருக்கு உரிமை உண்டு. புதியதையும் பழையதையும் பக்கவாட்டில் படுக்கை வசமாக நீட்டிப் பிடித்தால் போதும். புதியது ஓரளவு நேராக நிற்கும். தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும்.