நிற்பவர் அரசர், நடப்பவர் பிள்ளைகள்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

நம்மூர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன தருவீர்கள் என்று கேட்டு வந்த செய்தி எனக்கும் கிடைத்தது. மேடைக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, பொன்னாடைகளுக்கு இவ்வளவு என்று கணக்கு நேர்த்தியாக இருக்கிறது. காசு வரும், யோசிக்க வேண்டாம். ஆனால் அந்த நிகழ்ச்சி நிரலில் பிள்ளைகள் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார்கள்: பிரதம விருந்தினர் வந்து இறங்கும்வரை பாண்ட் வாத்தியத்தோடு வீதியோரம் வரிசையாக நிற்க வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

நான் இருக்கும் ஹொன்னிங்ஸ்வோக், நோர்வேயின் வடக்கு அந்தத்தில் ஒரு தீவில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். எண்பதுகளில் நம் பெடியள் பலர் படிக்கவென்று நோர்வேக்கு வந்து, பிறகு இந்த ஊர் இருக்கும் பின்மார்க் மாவட்டத்து மீன் ஆலைகளில் கத்தி பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். நானும் அந்த வழியால் வந்தவன்தான். வந்த புதிதில், மே மாதத்தில் ஒரு நாள் ஆலை பூட்டியிருந்தது. ஏன் என்று கேட்டு விளங்கிக்கொள்ள அப்போது எனக்குப் பாஷை போதாது. அறையில் படுத்திருந்தபோது மேளச் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தால் தெரு நிறையச் சனம், கையில் கொடி. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்குக் கூட்டத்தையும் கொடியையும் ஒன்றாகக் கண்டால் கை தானாகவே கதவுப் பூட்டுக்குத்தான் போகும். பூட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். இராணுவம் இல்லை, அரசியல்வாதி இல்லை. முன்னுக்கு வந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பனி தூறிக்கொண்டிருந்தது, அதற்குள் நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள்!

ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் மனிசி, றப்பர் சப்பாத்தைத் தவிர வேறு கோலத்தில் நான் கண்டிராதவ, வெள்ளிக் கொளுவிகள் மின்னும் கம்பளி உடுப்பில் போய்க்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் இறங்கி வா என்று கையைக் காட்டினா. போனேன். பள்ளிக்கூடத்தில் கோப்பி, கேக், அவித்த சொசேஜ். முற்றத்தில் சாக்கோட்டம். தேசிக்காய்க்குப் பதிலாகக் கரண்டியில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு ஓடினார்கள். நம்மூர் விளையாட்டுப் போட்டியை அப்படியே தூக்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தது போல இருந்தது.

அது மே 17. 1814இல் அந்த நாளில்தான் எய்ட்ஸ்வொல் என்ற இடத்தில் இவர்கள் தங்கள் அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்கள். தொடக்கத்தில் அது பெரியவர்களின் விழா. 1829இல் தலைநகரில் கூடிய சனத்தைக் குதிரைப்படையை விட்டுக் கலைத்தும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் ஊர்வலம் 1870இல் வந்தது. தேசிய கீதத்தை எழுதிய பியோர்ன்சனும் ஒரு பள்ளி அதிபரும் முன்னின்று தொடங்கியது. அப்போது ஆண்பிள்ளைகள் மட்டும்தான். பெண்பிள்ளைகள் சேர 1889 ஆயிற்று. இன்றைக்கு ஒஸ்லோவில் அரண்மனை மாடத்தில் அரச குடும்பம் மணிக்கணக்காக நின்று கையசைக்க, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் கீழால் போகிறார்கள். கவனியுங்கள்: நிற்பவர் அரசர், நடப்பவர் பிள்ளைகள்.

இங்கே விழா வேலை எல்லாம் பெற்றோருடையது. குறிப்பிட்ட வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு வருடாவருடம் முறை வரும். எங்கள் மகளின் வகுப்புக்கு முறை வந்தபோது நான் சொசேஜ் அவித்தேன். ஆலையில் என்னை வேலை வாங்கும் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று கோப்பைகளைக் கழுவினார். உபயம் இன்னார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. காசு கொடுத்துத் தப்பிக்கவும் வழி இல்லை.

இந்த ஊரின் கதையையும் சொல்லவேண்டும். 1944 முடியும் தறுவாயில், பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க்கின் பெரும் பகுதியை எரித்தது. ஏறத்தாழ 50,000 பேரைக் கட்டாயப்படுத்தித் தெற்கே அனுப்பினார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் தப்பியது ஒரு தேவாலயம் மட்டும். போர் முடிந்ததும், இப்போதைக்குத் திரும்ப வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லச் சொல்லக் கேளாமல் சனம் வந்து சேர்ந்தது. வந்தவர்கள் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே தங்கினார்கள். இடம்பெயர்ந்து, ஊர் திரும்பக் காத்துக் கிடந்த வலிகாமம் வடக்குச் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் மே 17 கொண்டாடவே தடை. இன்று பிள்ளைகள் ஊர்வலம் போகும் நாளிலேயே போரில் செத்தவர்களுக்கு மலர்வளையமும் வைக்கிறார்கள்.

எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இதே பின்மார்க்கில் சாமி என்ற பழங்குடி இனப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசவிடாமல் ஒரு நூற்றாண்டு வதைத்ததும் இதே நாடுதான். அந்தக் கொடியைப் பிடிக்க எல்லோருக்கும் ஒரே மனம் வராது. எனக்கும் அடுத்த நாள் மே 18, நம் போரில் செத்தவர்களை நினைக்கும் நாள். 2009க்குப் பிறகு அந்த இரண்டு நாட்களும் எங்கள் வீட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. காலையில் பேத்தியின் உடுப்பை மடித்து வைத்துவிட்டு மாலையில் விளக்கேற்றுகிறோம்.

இனி விழாவுக்கு வருகிறேன். நாங்கள் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் காசு ஊரில் ஒரு கெட்ட பழக்கத்தை உண்டாக்கி இருக்கிறது என்பது என் எண்ணம். முந்தி சிரமதானத்தில் கிடுகு பின்னிப் பந்தல் போட்டோம். இப்போது பந்தலும் வாடகை, தோரணமும் வாடகை, பெயர் மட்டும் எங்களுடையது. அந்தப் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்து முடிய மத்தியானமாகிறது.

இந்த முறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். தோரணம் அவர்கள் கட்டட்டும், தேத்தண்ணி அவர்கள் ஊற்றட்டும். பிள்ளைகள் பாண்ட் வாத்தியத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து சனசமூக நிலைய வாசிகசாலைவரை நடக்கட்டும். விருந்தினர்கள் வாசலில் நின்று பார்க்கட்டும். நான் அனுப்புவதைப் பாண்ட் வாத்தியத்துக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வையுங்கள், பெயர் வாசிக்க வேண்டாம். கனடாவிலிருந்து வரும் பிரதம விருந்தினரோடு நான் கதைக்கிறேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அரை மணித்தியாலம் வெயிலில் நிற்க மாட்டேன் என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வராது.

இப்படிக்கு,
ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து
உங்கள் ஊரவன்