திமிங்கிலங்களின் கணக்கும் மனிதரின் பொறுமையும்

வட பசுபிக் சமுத்திரத்தில் 2012ஆம் ஆண்டில் ஏறக்குறைய 33,500 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வாழ்ந்தனவென்றும், 2021ஆம் ஆண்டில் அவை 26,700 அளவிற்குக் குறைந்துவிட்டனவென்றும் 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அறிவித்தது. பத்தாண்டிற்குள் ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. இந்தச் செய்தியினும், இது எங்ஙனம் அறியப்பட்டது என்பதே நாம் ஊன்றிச் சிந்திக்கத்தக்கது என்பது என் கருத்து.

இத்திமிங்கிலங்கள் கோடையில் அலாஸ்காவை அடுத்த குளிர்கடலில் இரைதேடி உடல் கொழுக்கின்றன. மாரியில் ஹவாய்த் தீவுகளைச் சூழ்ந்த வெதுவெதுப்பான நீரை நாடிச் சென்று, இணைசேர்ந்து கன்று ஈனுகின்றன. ஒவ்வொன்றினது வாலின் அடிப்புறத்திலும் கருமையும் வெண்மையும் கலந்த கோலம் ஒன்றுண்டு. அது மனிதனின் கைரேகைபோல் ஒன்றற்கொன்று வேறானது. லூயிஸ் ஹேர்மன் முதலிய அறிஞர் 1970களிலேயே ஹவாயில் இக்கோலங்களைப் படம்பிடித்துச் சேர்க்கத் தொடங்கினர். அவ்வாறு பலரும் பல கரைகளிற் சேர்த்த படங்களை இன்று கணிப்பொறி ஒப்புநோக்குகின்றது. 2024ஆம் ஆண்டின் கணக்கு அந்நெடிய உழைப்பின் விளைவேயாகும்.

இனிப் பாடலைப் பார்ப்போம். கூன்முதுகுத் திமிங்கிலங்களின் ஓசை ஒழுங்குபட்ட பாடலே என்பதை ரோஜர் பெய்ன், ஸ்கொட் மக்வே என்னும் இருவர் 1971ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். பாடுவன ஆண்களே. ஒரு கடற்பரப்பின் ஆண்கள் யாவும் ஏறத்தாழ ஒரே பாடலைப் பாடுகின்றன; அப்பாடலும் ஆண்டுதோறும் மாறிச் செல்கின்றது. ஆயின் பாடலே இணைசேரும் வழி என்று முடிவுகட்டிவிடலாமா?

கிழக்கு அவுஸ்திரேலியக் கரையில் நடந்த ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. 1997ஆம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய 3,700 திமிங்கிலங்களே இருந்தன. அப்பொழுது பெண்ணை நாடி முயன்ற ஆண்களிற் பாடுவனவே மேலோங்கி நின்றன. 2015ஆம் ஆண்டில் எண்ணிக்கை 27,000 ஆகப் பெருகியபோதோ நிலைமை தலைகீழாயிற்று. பாடாத ஆணே பாடும் ஆணைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக அம்முயற்சியிற் காணப்பட்டது. போட்டியாளர் பெருகிய கடலிற் பாடி நின்றால், அவ்வோசையே பிற ஆண்களை வரவழைத்துவிடும். ஆகவே அவை மௌனமாக மோதலில் இறங்கின என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 1997இல் மாத்திரம் நோக்கியவன் ஒன்று சொல்லியிருப்பான். 2015இல் மாத்திரம் நோக்கியவன் அதற்கு மாறாகச் சொல்லியிருப்பான். இருவர் கூற்றும் அரை உண்மையே.

ஹவாயின் வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. 2014 முதல் 2016 வரை வட பசுபிக்கில் கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடேறி, இரை அருகிற்று. மௌயித் தீவை அடுத்த கடலில் 2013இற்கும் 2018இற்கும் இடையே தாயும் கன்றுமாகக் காணப்படுதல் முக்காற் பங்கு குறைந்தது. அத்துன்பத்தின் நடுவே, 2016 செப்டெம்பரில், ஹவாய்த் திமிங்கிலங்களை அருகிவரும் உயிர்களின் பட்டியலிலிருந்து அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை கிடைத்த கணக்கின்படி அம்முடிவு தகாதது அன்று. ஆனால் கடல் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

நமக்கு அயலிலுள்ள அரபிக்கடலிலும் இவ்வினத்துத் திமிங்கிலங்கள் உண்டு. அவை துருவக் கடல்களுக்குப் புலம்பெயராமல் ஆண்டு முழுவதும் இங்கேயே தங்குவன. 1966ஆம் ஆண்டிற் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அவற்றுள் 238ஐக் கொன்றன. அவ்வுண்மையோ 1990களிலேதான் வெளிப்பட்டது. ஓமான் கரையில் எடுத்த மதிப்பீட்டின்படி எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. வேட்டைக்கு முன்னர் எவரும் அவற்றை எண்ணி வைக்கவில்லை. ஆதலால் இழந்தது எவ்வளவு என்று அளந்து சொல்ல அடிக்கணக்கு இல்லை.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பணம் அளித்து, உடனே முடிவு கேட்பது இக்கால ஆராய்ச்சி உலகின் வழக்கம். ஒரு திமிங்கிலம் பல பத்தாண்டுகள் வாழ்கின்றது. அதன் வாழ்வை அறிய விரும்புவோர், ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடிக்கும் மரபைப் பேண வேண்டும். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோர் முதலில் உணரவேண்டியது இதுவே. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும், முடிவுகளை மனனஞ்செய்விப்பதோடு அமையாது, அவை எத்தனை ஆண்டுக் காத்திருப்பில் விளைந்தன என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைப்பாராக.