ஊசியின் விலையும் உயிரின் விலையும்



“காய்ச்சலில்லை, இருமலில்லை; ஓடியாடி விளையாடும் பெண்ணுக்கு எதற்கு ஊசி? அரசாங்கத்துக்குப் பணம் பெருத்துவிட்டதா?” – இராயபுரத்துத் தேநீர்க் கடையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் பகைவரல்லர், பாடுபட்டுப் பிழைக்கும் தோழர். கோபம் வேண்டாம், கணக்குப் போட்டே பதில் சொல்வோம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய், 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களைப் பிடித்தது. ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. இது முன்வினையுமல்ல, தலையெழுத்துமல்ல. எச்.பி.வி. என்னும் கிருமியின் வேலை! உள்ளே நுழைந்து, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்து, பிள்ளைகள் படிக்கும் பருவத்தில் தாயைத் தாக்குகிறது. அது நுழையுமுன் தடுப்பதே ஊசி. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். பாரத்தைத் தூக்கிய பிறகா கிரேனின் கம்பிவடத்தைச் சோதிக்கிறோம்?

செலவுக்கு வருவோம். 179 நாடுகளுக்காக அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட கணக்கு இது: 5 கோடியே 80 லட்சம் சிறுமியர்க்கு ஊசி போட்டால், அவர்கள் வாழ்நாளில் 6,90,000 பேருக்கு நோய் வராது, 4,20,000 பேர் சாகமாட்டார்கள். வகுத்துப் பாருங்கள்! 84 பேருக்குப் போட்டால் ஒருத்திக்கு நோயில்லை. 138 பேருக்குப் போட்டால் ஓர் உயிர் மிச்சம்.

புனேயில் செய்யும் செர்வாவாக் ஊசி 2023இல் வந்தபோது கடைவிலை இரண்டு தவணைக்கு 4,000 ரூபாய். அந்த விலையிலேயே பெருக்கினாலும் ஓர் உயிருக்கு 5,52,000 ரூபாய்! அரசு மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். ஒரே தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வழிவிட்டது. அத்தகைய ஊசியானால் செலவு பாதி.

நோய் வந்தபின் ஆகும் செலவோ? எண்ணூரிலிருந்து கதிர்வீச்சுக்காக வாரக்கணக்கில் அலைச்சல். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கணவனுக்கு நாள்கூலி போகும். காசிமேட்டில் மீன் வாங்கி விற்ற தாயின் வருமானம் நிற்கும். நகை அடகுக்கடை ஏறும். மூத்த மகள் புத்தகத்தை வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடிப்பாள். இதை எந்த ஏட்டில் எழுதுகிறார்கள்?

தமிழ்நாடு அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமியர்க்குப் படிப்படியாக ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. வசதி படைத்தவர் மகள் விலை கொடுத்துப் போட்டுக்கொள்வாள்; திருவொற்றியூர்த் தொழிலாளி மகளுக்கு அரசின் ஊசிதான் ஊசி! ஒரு பள்ளி, ஒரு தெரு விடுபடாமல் பார்ப்பது நம் கடமை.

“பெண் கெட்டுப்போவாள், பிள்ளை பிறக்காது” என்று புரளி கிளப்புவோர் உண்டு. அம்மை குத்தவந்த காலத்திலும் இப்படித்தான் மிரட்டினார்கள்; அம்மைதான் ஒழிந்தது! ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்கும் இந்நோய் காணப்படவில்லை என்று 2024இல் ஆய்வு கூறியது.

உண்மையான குறையை மறைக்கவும் வேண்டாம். 2010இல் ஆந்திரத்திலும் குசராத்திலும் நடந்த ஒரு திட்டத்தில் சிறுமியர் சிலர் இறக்க, திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புக்கு ஊசி காரணமென்று விசாரணைக் குழு சொல்லவில்லை. பெற்றோர் ஒப்புதலை ஒழுங்காக வாங்காததையே கண்டித்தது. ஆகவே, ஏழை வீடுதானே என்று எவரும் ஏமாற்றக்கூடாது. விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

மகளுக்கு ஊசி, தாய்க்குச் சோதனை! திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஒரேயொரு முறை சோதித்து, கண்டதற்குச் சிகிச்சை தந்ததில், இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்தது. 2007இல் உலகமே அறிந்த செய்தி இது.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணாவை நம்மிடமிருந்து பறித்ததும் புற்றுநோயே. அன்று கையைப் பிசைந்து நின்றோம். இந்தப் புற்றுநோய்க்கு வழி இருக்கிறது; வழி இருந்தும் நிற்கலாமா? பள்ளியிலிருந்து தாள் வந்தால் படித்துப் பாருங்கள், கேட்டுத் தெளியுங்கள், கையெழுத்திடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அந்த 84 பேரில் காப்பாற்றப்படுகிற ஒருத்தி யார் மகள் என்று யாருக்குத் தெரியும்?