வெளியே போகச் சொல்லிய பின்

விளையாட்டு மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் கல்லூரிகளில் ஓயாது கூறி வருகின்றோம். அது பொய்யன்று. ஆயினும், பண்பட்ட மனிதர் கணநேரத்தில் பண்பிழந்து நிற்பதையும் அதே விளையாட்டுத் திடலில்தான் காண்கின்றோம். அலுவலகத்தில் மேலதிகாரியின் கடுஞ்சொல்லை ஆறு நாளும் பொறுத்துக்கொள்ளும் ஒருவர், ஏழாம் நாள் மாலையில் நடுவர் அளித்த ஒரேயொரு தீர்ப்பைப் பொறுக்கமாட்டாது கூச்சலிடுகின்றார். அத்தகையவரை ஆட்டத்தினின்றும் நீக்கும் உரிமை நடுவர்க்கு உண்டு. நீக்குவது எளிது, ஒரு சொல்லும் ஒரு கையசைவும் போதும். நீக்கப்பட்டவர் திடலின் நடுவே நின்றுகொண்டு, “போகமாட்டேன்” என்றால் என்ன செய்வது? கடினமான வினா இதுவே. இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு விடை தேட அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டமே தக்க இடமாகும். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க அவ்வாட்டத்தில், நடுவரோடு வாதிடுவது நெடுங்கால வழக்கம். அணியின் முகாமையாளர் தம் இருக்கையினின்றும் எழுந்து திடலுக்குள் நடந்து வந்து, நடுவரின் முகத்துக்கு நேரே நின்று உரத்துப் பேசுவதைக் காண்பதற்கென்றே செல்லும் இரசிகரும் உளர். அட்லாண்டா அணியை நெடுங்காலம் நடத்திய பொபி கொக்ஸ் என்பவர் 150க்கு மேற்பட்ட ஆட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார். நடுவரின் விரல் உயர்ந்ததும் தலைகுனிந்து நடக்க வேண்டும் என்று கற்ற நமக்கு இது வியப்பளிப்பதே. நோய் மலிந்த ஊரில் மருத்துவமும் வளர்வது இயல்பன்றோ? வெளியேற்றப்பட்டவர் பற்றிய விதிகளை நுணுக்கமாக வகுத்துக்கொண்டவர்களும் அவர்களே.

அவ்விதிகளின் சாரம் இதுதான். தீர்ப்பை எதிர்த்து முறைகேடாக நடப்பவரை, அவர் வீரராயினும் முகாமையாளராயினும் பயிற்றுநராயினும், நடுவர் வெளியேற்றலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது குற்றம் நிகழ்ந்தால், அந்த ஆட்டம் ஓய்ந்த பின்னரே வெளியேற்றம் நடைமுறைக்கு வரும். ஒருவரின் கோபத்தால் மற்றவர்களின் முயற்சி வீணாகலாகாது என்பது கருத்து. வெளியேற்றப்பட்டவர் உடனே திடலை விட்டு நீங்க வேண்டும். உடைமாற்றும் அறையில் தங்கலாம். அல்லது சாதாரண உடை அணிந்து வீட்டுக்குச் செல்லலாம். அல்லது தம் அணியின் இருக்கைக்கு வெகுதூரத்தில் பார்வையாளரோடு அமரலாம். அணியினர் அவரைத் தகுந்த நேரத்தில் அகற்றாவிடின், ஆட்டத்தையே எதிரணிக்கு 9–0 என்று வழங்கிவிடும் அதிகாரமும் நடுவர்க்கு உண்டு.

வெகுதூரம் என்று ஏன் விதித்தார்கள்? அருகே இருந்தால் மனிதன் சும்மா இரான் என்பதனால்தான். 1999ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், நியூ யோர்க் மெற்ஸ் அணியின் முகாமையாளர் பொபி வலன்டைன் வெளியேற்றப்பட்டார். சிறிது நேரத்தில், கறுப்புக் கண்ணாடியும் போலி மீசையும் தரித்த ஒரு ‘புதியவர்’ அணியின் இருக்கையருகே நின்று ஆட்டத்தைக் கவனிப்பதைத் தொலைக்காட்சிக் கமெராக்கள் காட்டின. நம் நாட்டுக் கூத்திலே வேடதாரியை நொடியில் இனங்கண்டுகொள்ளும் சிறுவர்களைப் போல, பார்த்தவரெல்லாம் அவரை அறிந்துகொண்டனர். 5,000 டொலர் தண்டமும் இரண்டு ஆட்டங்களுக்கு விலக்கும் அவருக்குக் கிடைத்தன. நகைப்புக்கு உரிய கதைதான். ஆயினும், வெளியேற்றம் என்பது அரைகுறையாக இருக்கலாகாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நகைக்க இயலாத கதைகளும் உள. பின்னாளில் அவ்வாட்டத்தின் மாபெரும் அடியாளர் என்று புகழ்பெற்ற பேப் ரூத், 1917ஆம் ஆண்டில் பொஸ்டன் அணியின் பந்தெறிபவராக இருந்தார். அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள், வாஷிங்டன் அணியின் முதல் ஆட்டக்காரருக்கே அவர் எறிந்த பந்துகளைப் பிழையென்று நடுவர் பிரிக் ஓவன்ஸ் தீர்த்தார். ரூத் சீறினார், நடுவர் அவரை வெளியேற்றினார். ரூத் ஓடிச்சென்று நடுவரை அடித்தே விட்டார். அவருக்குப் பதிலாக ஏர்னி ஷோர் என்பவர் பந்தெறிய வந்தார். முன்னரே முதலாம் தளத்தை அடைந்திருந்தவர் அடுத்த தளத்துக்கு ஓட முயன்று ஆட்டமிழந்தார். அதன் பின் வந்த 26 பேரையும் ஒருவர் விடாது ஷோர் ஆட்டமிழக்கச் செய்தார். பொஸ்டன் அணியே வென்றது. தாம் இன்றேல் ஆட்டம் இல்லை என்று எண்ணிக் குமுறும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளவேண்டிய நாள் அது.

இவை யாவும் தொழில்முறை ஆட்டத்தின் கதைகள். அங்கே உடைமாற்றும் அறை உண்டு, காவலர் உண்டு, தண்டம் அறவிடும் தலைமைப்பீடம் உண்டு. அமெரிக்க நகரங்களில் வார இறுதி தோறும் பொழுதுபோக்காக ஆடும் முதிர்ந்தோர் கழகங்களின் நிலை வேறு. தச்சரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் நகரசபைப் பூங்காவொன்றில் கூடி ஆடுகின்றனர். நடுவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவர்கள் பெறுவது சிறு தொகை. வெளியேற்றப்பட்டவரை அனுப்புவதற்கு அறையுமில்லை, அழைத்துச் செல்லக் காவலருமில்லை. ஆட்டம் முடிந்ததும், நடுவரும் அவரால் வெளியேற்றப்பட்டவரும் ஒரே வாகனத் தரிப்பிடத்துக்குத்தான் நடந்து செல்ல வேண்டும். விதிநூலின் துணை பாதியே கிடைக்கும் இந்த இடத்தில், நடுவரின் நடத்தைதான் மீதிப் பாதியை நிரப்ப வேண்டும்.

முதலாவது, வெளியேற்றம் இடிபோல விழலாகாது. நடுவரை அடிப்பது, தள்ளுவது, இழிசொற்களால் ஏசுவது முதலியவற்றுக்கு எச்சரிக்கை வேண்டியதில்லை. அவை உடனே வெளியேற்றத்துக்கு உரியவை. ஏனையவற்றுக்கு எல்லை எதுவென முன்னரே காட்டுதல் வேண்டும். 1905 முதல் 1941 வரை நடுவராக விளங்கிய பில் கிளெம், வாதிட வருபவர் முன்னே காலணியால் மண்ணிற் கோடு கிழித்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவாராம். கோட்டைத் தாண்டியவர் ஆட்டத்தையும் தாண்டியவராவார். அவரோடு ஒத்த காலத்தவரான ரொமி கொனோலி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிற் பிறந்து, சிறுவயதிலே கிரிக்கெட் ஆடி, பின்னர் அமெரிக்கா சென்றவர். அவர் தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஒருவரையேனும் வெளியேற்றாமல் நடுவராயிருந்தார் என்பர். 1953இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தெரிவான நடுவர்கள் இவ்விருவருமே. ஒருவர் கோட்டினாலும் மற்றவர் பொறுமையினாலும் அங்கே சென்றனர்.

இரண்டாவது, வெளியேற்றும் கணத்தில் குறி தெளிவாயும் குரல் தணிவாயும் இருத்தல் வேண்டும். இதற்கு உதைபந்தாட்ட வரலாறு ஒரு பாடம் தருகின்றது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கால் இறுதி ஆட்டம் லண்டனில் நிகழ்ந்தபோது, ஆர்ஜென்டீனாவின் அணித்தலைவர் ரத்தின் என்பவரை ஜேர்மன் நாட்டு மத்தியஸ்தர் கிறைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியவில்லை. ரத்தின் பல நிமிடங்கள் வரை நகர மறுத்தார். ஆட்டம் ஸ்தம்பித்து நின்றது. அப்போட்டியின் மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாயிருந்த கென் அஸ்ரன் என்ற ஆங்கிலேயர், தெருச் சந்தியிலே போக்குவரத்து விளக்குகளைக் கண்டு சிந்தித்து, மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கொண்டுவர வழிசெய்தார். 1970இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அவை அறிமுகமாயின. அஸ்ரன் தொழிலால் ஓர் ஆசிரியர் என்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவதே. எவர்க்கும் விளங்கும் குறி ஆயிரம் சொல்லை மிச்சப்படுத்தும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. வெளியேற்றிய பின்னர், அந்த மனிதரோடு நடுவர்க்கு வழக்கில்லை. பலர் தவறுவது இங்கேதான். வெளியேற்றப்பட்டவர் முணுமுணுக்கின்றார், நடுவர் பதில் கூறுகின்றார், அவர் மேலும் ஒன்று சொல்ல, இவர் பின்தொடர்ந்து சென்று விரலை நீட்டுகின்றார். அந்த நொடியில் நடுவர் நடுவராயிராது, சண்டையில் ஒரு கட்சிக்காரராகிவிடுகின்றார். நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்த நாம், அதற்கு மேற்கோள் தேட வேண்டியதில்லை. கடைசிச் சொல்லை வெளியேறுபவர்க்கே விட்டுவிடுதல் நன்று. தண்டனை விதித்தாயிற்று, அதற்கு மேல் வெற்றியும் எதற்கு?

எனவே, சொல்லவேண்டியதை அணித்தலைவரிடம் சொல்லுதல் வேண்டும். “உங்கள் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டுவிட்டார். அவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு செல்லட்டும். அவர் சென்ற பின் ஆட்டம் தொடரும்.” இவ்வளவே போதும். இரண்டு நடுவர் இருப்பின், தீர்ப்பு வழங்கியவர் விலகி நிற்க, மற்றவர் இடையே வந்து நின்று வழிகாட்டுதல் சிறந்தது. உடலைத் தொடுதல் கூடவே கூடாது. மட்டையையும் கையுறையையும் பொறுக்கிக்கொள்ளச் சிறிது நேரம் கொடுத்தல் இரக்கம் மட்டுமன்று, புத்தியுமாகும். அந்த இரண்டு நிமிடங்களில் இரத்தம் ஆறிவிடும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் செல்ல வேண்டும் என்பதே பல கழகங்களின் கட்டளை. தம் மோட்டார் வண்டியில் அமைதியாக அமர்ந்திருந்தால் அவரைத் துரத்தவேண்டிய தேவையில்லை. வேலியருகே நின்று கூவினாலோ, மீண்டும் அணித்தலைவரை அழைக்க வேண்டும்.

அப்போதும் போக மறுத்தால்? கடிகாரத்தைப் பார்த்து ஒரு காலவரை சொல்லுதல் வேண்டும். அது கடந்தால் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்து நடுவர் விலகிவிடலாம். நண்பர்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமையே தம்மால் பாழாகப்போகிறது என்றறிந்ததும், எத்தகைய முரடரையும் அவருடைய தோழர்களே கைபிடித்து அழைத்துச் செல்வர். காவலர் இல்லாத திடலில் தோழர்களே காவலர். கைகலப்பு நேருமெனத் தோன்றினாலோ, வீரம் காட்டாமல் அகன்று பொலிசாரை அழைப்பதே முறை. தோற்ற ஆட்டத்தை மீண்டும் ஆடலாம். உடைந்த மண்டையை மாற்ற முடியாது. நடுவரைத் தாக்குவோர்க்குத் தனித் தண்டனை விதிக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

கிரிக்கெட்டும் இவ்வழிக்கே வந்துவிட்டது. 2017 ஒக்டோபர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த விதித்தொகுதியின் 42ஆம் விதி, மிகக் கொடிய குற்றம் புரிந்தவரை ஆட்டம் முழுவதினின்றும் நீக்கும் உரிமையை நடுவர்க்கு அளித்தது. அங்கும் நடுவர் அணித்தலைவரை அழைத்து, குற்றவாளியை அகற்றும்படி அவரிடமே பணிக்கின்றார். இரு வேறு ஆட்டங்களின் அனுபவம் ஒரே இடத்தில் வந்து முடிவது கவனிக்கத்தக்கது.

“நடுவரே தவறு செய்திருந்தால்?” என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. நடுவரும் மனிதர், தவறுவர். தீர்ப்புச் சரியா பிழையா என்பது ஒரு வழக்கு. நடத்தை சரியா பிழையா என்பது வேறொரு வழக்கு. முதலாவதில் ஆட்டக்காரர் பக்கமே நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தை ஏச்சினால் இழந்தவர், இரண்டாவது வழக்கில் தோற்கின்றார். அதனாலேயே நடுவர் அன்றிரவே எழுதும் அறிக்கையில், எவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை உள்ளவாறே குறிக்க வேண்டும். தம் அபிப்பிராயத்தை எழுதலாகாது. எத்தனை ஆட்டங்களுக்கு விலக்கு என்பதைக் கழகத்தின் குழு தீர்மானிக்கட்டும். அடுத்த வாரம் அதே வீரர் திடலுக்கு வந்தால், முன்னர் ஒன்றும் நிகழாதது போல அவரை வரவேற்பதே நடுவரின் கடமை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். முதிர்ந்தவரைத் திடலை விட்டு அனுப்பலாம். சிறுவனை அவ்வாறு தனியே தெருவுக்கு அனுப்பலாகாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்போல் விதி, வெளியேற்றப்பட்ட மாணவனை அணியின் இருக்கையிலேயே அடக்கி வைக்கச் சொல்கின்றது. தண்டனை உண்டு, பாதுகாப்பும் உண்டு. நம் பாடசாலைத் திடல்களிலும் இது மனங்கொள்ளத்தக்கது.

ஏச்சுக்கும் அடிக்கும் அஞ்சி நடுவர்கள் ஒவ்வொருவராக விலகினால், இறுதியில் ஆடுவதற்கு ஆட்டமே இராது. ஆதலின் மாணவர்களே, என்றேனும் ஒரு நாள் உங்களை வெளியே போகச் சொல்லி ஒரு கை உயர்ந்தால், நியாயம் உங்களுடையதாயினும், பேசாது நடந்து செல்லுங்கள். உங்களுக்காகப் பேச அணித்தலைவர் இருக்கின்றார். நாளைக்கு வேறு ஆட்டமும் இருக்கின்றது.